முப்பத்திரண்டாயிரம் வெள்ளணு

கபடியில் இசைவாணி பாடிப்போனால் எதிரணிக்காரிகள் தானாகவே இரண்டடி பின்வாங்குவார்கள். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அவளுக்கு அப்படியொரு பேர். கல்யாணமாகி, பள்ளியில் விளையாட்டு ஆசிரியையான பிறகும் ஆட்டத்தை விடவில்லை. குறுவை அறுப்பு சமயத்தில் வந்த இருமல்தான் விட வைத்தது.

படுத்தால் இருமல், விடிய விடிய இழுப்பு. வைக்கோல் தூசு என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள். உறிஞ்சும் மருந்து கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். மன்னார்குடி ஆட்டத்தில் பாதியிலேயே அவளுக்குப் பாட்டு அறுந்தது. நடுவர் விசில் ஊதினார். அணித் தலைவி செம்மொழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது இசைவாணிக்கு.

தஞ்சாவூர் டாக்டர் பர்வின் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். செல்போனில் வந்த முடிவைப் பார்த்த அவள் கணவன் இளவழகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெள்ளணு பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது, இவளுக்கு முப்பத்திரண்டாயிரம். அவன் சித்தப்பா ரத்தப் புற்றுநோயில் போனவர். அன்றே இருவரும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்கள்.

"கூடியிருக்குன்னு பயந்தா போதாதும்மா, எது கூடியிருக்குன்னு பாக்கணும்," என்றார் டாக்டர். வெள்ளணுக்களில் பல வகை உண்டு. நூற்றுக்கு ஐந்தாறு இருக்க வேண்டிய இயோசினோஃபில் என்ற வகை இவளுக்கு ஐம்பத்தெட்டு. புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் முதிராத அணு ஒன்றுகூட ரத்தத்தில் இல்லை. எக்ஸ்ரேயும் இன்னொரு ரத்தச் சோதனையும் பார்த்தபின் சங்கதி தெளிவானது. கொசு கொண்டுவந்து விட்ட, யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழுதான்.

"எனக்குக் கால் வீங்கவே இல்லையேங்க?"

"ஒங்க உடம்பு அந்தப் புழுக் குஞ்சுகளோட நுரையீரல்ல சண்டை போடுது. அந்தச் சண்டைதான் இருமல். மூணு வாரம் மாத்திரை போடுங்க, சரியாயிடும்."

வெளியே வந்ததும் இளவழகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

இரண்டாம் வாரமே இரவெல்லாம் தூங்கினாள். மாத்திரை முடிந்து பார்த்தபோது வெள்ளணு ஒன்பதாயிரத்துச் சொச்சம். இயோசினோஃபில் இன்னும் கொஞ்சம் கூடுதல்தான், மறுபடி வந்து பார்க்கச் சொன்ன டாக்டர் ஆடலாம் என்று அனுமதியும் கொடுத்தார். அன்று மாலையே வாய்க்கால் கரையில் ஓடத் தொடங்கினாள்.

பொங்கல் போட்டியில் எதிரணி திருக்காட்டுப்பள்ளி. செம்மொழி தயங்கித் தயங்கித்தான் அவளை இறக்கினாள். ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமமான புள்ளி. இசைவாணி யாரையும் கேட்காமல் நடுக்கோட்டைத் தாண்டினாள். ஓரத்தில் நின்றவளைத் தொட்டுத் திரும்புவதற்குள் ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். இன்னும் இருவர் மேலே விழுந்தார்கள். மண்ணில் முகம் புதைந்தபோதும் பாட்டு நிற்கவில்லை. கபடி, கபடி என்று அது தேய்ந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. மூவரையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள். விரல் நுனி கோட்டைத் தொட்டது.

தொட்டவள், பிடித்தவர்கள் எல்லோரும் வெளியே. நாலு புள்ளி. திடலே எழுந்து நின்றது. இசைவாணி மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்து மூச்சை இழுத்தாள். அது சீட்டியடிக்காமல் அடிவரை போய்த் திரும்பியது. செம்மொழி கைகொடுத்துத் தூக்கி, உட்கார்ந்துகொள்கிறாயா என்று கேட்டாள்.

"இன்னும் நேரம் இருக்குல்ல?" என்றாள் இசைவாணி. அடுத்த முறையும் அவளே பாடிப்போனாள்.