விஷ்ணுப்ரியா சொன்னது

சுமந்த் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். நேற்றைய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான். கொடியில் சட்டை காய்ந்திருந்தது. எடுத்து இஸ்திரி போட்டான். கேஸை மூடினான். ஏழு மணிக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு டாக்ஸியில் ஏறினான். முதலில் கரமனைக்குப் போய் மாமியாரை ஏற்றிக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு டெல்லி விமானம். அங்கிருந்து காசி.

அனந்தலக்ஷ்மி தெருமுனைக்கே வந்து நின்றிருந்தாள். அறுபத்தொரு வயதில் இதுதான் முதல் விமானம். கையில் துணிப்பை. அதற்குள் வாயைத் துணியால் கட்டிய செப்புச் சொம்பு. சொம்புக்குள் அவள் மகள், சுமந்தின் மனைவி விஷ்ணுப்ரியாவின் அஸ்தி. எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். இருபத்தொன்பது வயது.

காசி, சுமந்த் சொன்ன பொய். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "கடைசியா என்ன சொன்னா?" அக்ரஹாரத்தில் யார் செத்தாலும் கேட்பதுதான். கிடைத்த பதிலை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். மூன்றாம் நாள், எத்தனையாவது ஆளோ கேட்டபோது, "காசியில கரைக்கச் சொன்னா" என்று சொல்லிவிட்டான். அந்தக் கேள்வி நின்றால் போதும் என்றிருந்தது. நின்றது. ஆனால் உள்ளறையில் படுத்திருந்த அனந்தலக்ஷ்மியின் காதில் பதில் விழுந்துவிட்டது. திருவல்லத்து ஆற்றில் அஸ்தி கரைக்கப் போன அன்று, காசிக்கென்று ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தாள்.

விமானம் கடலைப் பார்த்து எழும்பியது. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. காலடியில் தகரத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஓர் அதிர்வு. அது நிற்கவில்லை.

"எப்பவும் இப்படித்தானா மாப்பிள்ளே?"

"ஆமா மாமி."

கேப்டன் பேசினார். சக்கரத்தை மடக்கும் எண்ணெய் கசிகிறது, சக்கரம் பாதியில் நிற்கிறது, டெல்லி போக முடியாது. திருவனந்தபுரத்திலேயே இறங்க வேண்டும். இத்தனை எரிபொருளோடு இறங்கினால் கனம் தாங்காது. அது குறையும்வரை கடல்மேல் சுற்ற வேண்டும். சக்கரத்தைக் கீழே விட வேறொரு வழி உண்டு, அதைச் செய்து பார்ப்போம்.

"பார்ப்போம்னா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "பஸ்ஸுன்னா எறங்கி நின்னு பாக்கலாம்."

ஒன்றரை மணி நேரம் சுற்றினார்கள். ஜன்னலில் கடல், கொஞ்சம் கரை, மறுபடி கடல். பின்வரிசையில் ஒருவர் சிக்னல் இல்லாத போனில் யாருக்கோ பேசிப் பதிவுசெய்துகொண்டிருந்தார். அனந்தலக்ஷ்மி ஒரு முறை வாந்தியெடுத்தாள். அப்போதும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. இவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது நான். சுமந்தால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

இறங்குவதற்கு முன் பணிப்பெண் அஜிதா வந்தாள். "அம்மே, பேக் மடியில வெக்கான் பாடில்லா, கூடாது. சீட்டுக்கு அடியில வெச்சோளூ."

"காலடியிலயா? என் பொண்ணுடீ அது."

அஜிதா சுமந்தைப் பார்த்தாள். "அஸ்தி" என்றான். அவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து பையைச் சுற்றி, தலைக்கு மேலிருந்த அறையில் இரண்டு கைகளாலும் வைத்துப் பூட்டினாள். "இனி ஞான் பாத்துக்கோளாம், அம்மே."

முன்சீட்டில் நெற்றி படும்படி குனியச் சொன்னார்கள்.

"பத்மநாப ஸ்வாமி முன்னாடிகூட நான் இத்தனை குனிஞ்சதில்லே" என்றாள் அனந்தலக்ஷ்மி.

சக்கரம் தரையைத் தொட்டது. இடித்தது, ஓடியது, நின்றது. தானாக நகர முடியாத விமானத்தை வண்டி வைத்து இழுத்துப்போனார்கள். இருபுறமும் தீயணைப்பு வண்டிகள். யாரோ கைதட்டினார்கள். சுமந்த் கைதட்டவில்லை.

நாலு மணிக்கு வேறு விமானம், பயணம் வேண்டாம் என்பவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அனந்தலக்ஷ்மி விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கே போயிடலாம்."

"வேண்டாம் மாமி. ஆத்துக்குப் போலாம்."

"எனக்கும் பேடியாத்தான் இருக்கு, பயந்தான். கால் பாருங்கோ, நிக்கவே மாட்டேங்கறது. ஆனா அவ கேட்டுட்டாளே. பொறந்ததுலேர்ந்து எங்கிட்ட இது வேணும்னு ஒண்ணு கேட்டவ இல்லே அவ."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவன் தோளைப் பிடித்து மறுபடி எழப் பார்த்தாள்.

"மாமி, அவ காசின்னு சொல்லவே இல்லே. நான்தான் சொன்னேன்."

அனந்தலக்ஷ்மி உட்கார்ந்தாள். கையைத் தோளிலிருந்து எடுத்தாள்.

"அப்போ என்னதான் சொன்னா?"

"நான் கூட இல்லே மாமி. கேன்டீனுக்குப் போயிருந்தேன். திரும்பி வரச்சே முடிஞ்சு போயிருந்தது."

"அது கேக்கலே. நீங்க கேன்டீனுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட என்ன சொன்னா?"

அவன் சொன்னான்.

"போய்ச் சாப்ட்டுட்டு வா சுமந்த். ரெண்டு மணிக்கு மேல போனா மோர் தீந்துடும்."