சத்தமாகச் செய்த ஜெபம்

அந்த ஜெபத்தைத் தபீதாள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. குரோம்பேட்டை சபையில், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பதினான்கு பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் முறை வந்தபோது வாய்விட்டு ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்கள் சகோதரி ஈவ்லின் தன் நாத்தனாரோடு இரண்டு வருஷமாகப் பேசாமலே உம்முடைய திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கிறாள். அவளுடைய கடின மனதை மாற்றும்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன்பின் ஈவ்லின் வரவேயில்லை.

இருபத்தொரு வருஷம் பாடகர் குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்து நின்றவர்கள். தபீதாளுக்குச் சுருதி விலகினால் ஈவ்லின் முழங்கையால் லேசாக இடிப்பாள். வேறு யாருக்கும் தெரியாது. இப்போது புத்தகம் முழுக்கத் தபீதாள் கையில்தான். கனத்தது.

"நீங்க உண்மையத்தானக்கா சொன்னீங்க? விடுங்க" என்றார் போதகரின் மனைவியான ஆயரம்மா.

விட முடியவில்லை. ஈவ்லின் போனை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் பதில் இல்லை. எட்டு மாதம் கழித்து, 2004 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தபீதாள் ஷேர் ஆட்டோ ஏறிப் பொழிச்சலூரில் ஈவ்லின் வீட்டுக்குப் போனாள்.

தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. கூட்டத்தில் ஈவ்லின், காலடியில் நான்கு பிளாஸ்டிக் குடங்கள். தபீதாளைப் பார்த்தாள். அடுத்த குடத்தை லாரிக் குழாயடியில் வைத்தாள். தபீதாள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றினாள். இரண்டு நடையில் எல்லாம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. புடவை நனைந்து, மூச்சு வாங்க, சமையலறைத் தரையிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள் தபீதாள்.

"சொன்னது தப்பில்ல, தபீ. எனக்கே தெரியும், நான் பண்ணினது பாவம்னு. ஆனா வாராவாரம் ஒண்ணா ஆட்டோல வந்தோமே? ஒருநாள் என் முகத்தப் பாத்து, 'ஏன்டி இப்படி இருக்கே'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு. நீ கோவிச்சுக்குவேன்னு."

"கோவிச்சிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதானே?" ஈவ்லின் தபீதாளின் நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டாள். "எனக்குப் பயந்துகிட்டு ஆண்டவர்கிட்ட கோள் சொன்னே பாரு, அதத்தான் தாங்க முடியல."

தபீதாள் அழுதாள். சமாதானம் எதையும் சொல்லவில்லை; "மன்னிச்சுக்கோ" என்றாள். ஈவ்லின் தலையாட்டினாள்.

"நாத்தனார்கிட்ட பிப்ரவரியிலயே பேசிட்டேன். நானேதான் போனேன். உங்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு, தெரியுமா?"

"அப்போ ஞாயித்துக்கிழமை வர்றியா?"

ஈவ்லின் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். "இப்ப பம்மல்ல ஒரு சபைக்குப் போறேன். நம்ம சபைக்குள்ள இன்னும் என்னால கால் வைக்க முடியல, தபீ. உன்மேல கோவம் இல்ல."

செவ்வாய்க்கிழமை தபீதாள் அதே கூட்டத்தில் எழுந்து நின்றாள். ஈவ்லினைப் பற்றித் தான் அங்கே பேசியது தவறு என்றாள். தன் தவறை மட்டுமே சொல்லி உட்கார்ந்தாள். ஆயரம்மா தலை குனிந்திருந்தார்.

ஞாயிறன்று ஆராதனை தொடங்க மணி அடித்தது. தபீதாள் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். வரமாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் முதல் பாட்டு முடியும்வரை அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.