படம் சுற்றும்வரை

பூதலூரில் சாமிதுரை வீட்டுக் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது. அது அவர் போட்ட சட்டம். தொட்டால் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் படம் நின்றுவிடும். படம் நின்றால் வேலையும் நின்றுவிடும் என்று அவர் நம்பினார்.

வேலை என்றால் அவருடைய வேலை இல்லை, மகள் குந்தவையைப் பிடித்திருக்கும் நோய்க்கான வேலை.

குந்தவை தஞ்சாவூரில் பி.சி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவள். ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் கால் மடங்கி விழுந்தாள். செருப்பு வழுக்கிவிட்டது என்றாள். பிறகு சமதரையில் நடக்கும்போதே விழுந்தாள். சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. ஊருக்கு அழைத்துவந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய பிறகு ஒரு டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். மூளை போடுகிற உத்தரவு தசைக்குப் போய்ச் சேராத நோய் இது, கொஞ்ச நாள் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது, நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்றார். கடைசியாக, "வெளிநாட்டுல ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். சாமிதுரை அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்த ஆராய்ச்சி எங்க நடக்குது பாப்பா? நாம போயிக் கேக்க முடியாதா?"

குந்தவை சிரித்தாள். "போக வேணாம்பா. அதுல கொஞ்சம் நம்ம வீட்டுலயே நடக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கச் சொல்லி, பொறுமையாக விளக்கினாள். உடம்புக்குள் இருக்கிற ஒரு புரதம் மடங்க வேண்டிய விதத்தில் மடங்காமல் தாறுமாறாக மடங்குகிறது. அது எப்படி, ஏன் என்று கண்டுபிடிக்க மலைபோலக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எந்த ஒரு மெஷினாலும் தனியாக முடிகிற காரியம் இல்லை. அதனால் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, விருப்பப்பட்டுச் சேருகிற ஜனங்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறது. வீட்டில் அது சும்மா இருக்கிற நேரத்தில் கணக்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பிவிடும்.

"நம்ம மெஷின் சும்மாதானேப்பா கெடக்கு" என்றாள்.

சேர்ந்தார்கள். யாரும் தொடாமல் சற்று நேரம் விட்டதும் திரை இருண்டு, நடுவில் ஒரு படம் எழுந்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மணிகள் கோத்த சங்கிலி ஒன்று முறுக்கிக்கொண்டும் அவிழ்ந்துகொண்டும் மெல்லச் சுற்றியது.

"இதான் அந்தப் புரதம். கணக்கு நடக்குதுன்னு அர்த்தம்."

சாமிதுரைக்கு அது போதும். தொட்டியில் தண்ணீர் விழுந்தால் மோட்டார் ஓடுகிறது என்று தெரியாதா? அதே மாதிரிதான்.

அந்த வருடம் எதுவுமே அவர் கையில் இல்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லை, திறப்பு தள்ளிப்போனது, குறுவை கிடையாது என்று ஆகிவிட்டது. சம்பா கதிர் சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வயலில் தண்ணீரை வடியவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நேற்றுவரை தானே டம்ளரைப் பிடித்துக் குடித்த மகள் இன்று இரண்டு கையாலும் பிடிக்கிறாள். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தப் படத்தைச் சுற்றவைக்கத்தான் அவரால் முடிந்தது. கரண்ட் போனால் நிற்கக்கூடாது என்று இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார். சித்திரை வெயிலில் மேஜை மின்விசிறியைத் தன் பக்கமிருந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்துவிடுவதைப் பார்த்து, அப்படி அணையாமல் மாற்றச் சொன்னார். குந்தவை ஒரு கணம் தயங்கிவிட்டு மாற்றிக்கொடுத்தாள்.

வயலிலிருந்து வந்து கால் கழுவியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்காருவார். குந்தவையின் சக்கர நாற்காலியையும் பக்கத்தில் தள்ளிக்கொள்வார்.

"இன்னைக்கு நல்லா சுத்துதா பாப்பா?"

"சுத்துதுப்பா."

"இந்தாங்க, சோறு ஆறுது" என்று மனைவி ஈஸ்வரி உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு மெஷின் போதாது, இன்னொன்று போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஈஸ்வரியின் அண்ணன் மகன் சதீஷ் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தான். அவனை வரச்சொன்னார். அவன் வந்த அன்று ஈஸ்வரி குந்தவையைக் கூட்டிக்கொண்டு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போயிருந்தாள்.

சதீஷ் உட்கார்ந்து மவுசை அசைத்தான். படம் மறைந்தது. சாமிதுரை பதறி ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

"மாமா, புதுசு வாங்குறது இருக்கட்டும். மொதல்ல இது என்ன செய்யுதுன்னு பாப்போம்" என்று எதையெதையோ திறந்தான். முகம் மாறியது. "என்ன மாமா இது, நெறைய துண்டு நாள் தாண்டிப்போயிருக்கு?"

"நாள் தாண்டுறதுன்னா?"

"ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. அதுக்குள்ள விடை போகலன்னா வேற யாருக்காவது குடுத்து முடிச்சுக்குவாங்க. நம்ம அனுப்புறது அப்புறம் எதுக்கும் ஆவாது."

"அது எப்புடி? பகல்பூரா ஓடுதேப்பா. நானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சதீஷ் அந்தப் படத்தையே ஒரு சின்னச் சதுரத்தில் திறந்துவைத்தான். பக்கத்தில் இன்னொரு சதுரத்தில் மெஷினின் உழைப்பு எதெதற்குப் போகிறது என்று காட்டும் பட்டியல். "இங்க பாருங்க. படம் இல்லாதப்ப மொத்த பலமும் கணக்குக்குப் போவுது. படத்தப் போட்டேன், பாருங்க… பாதிக்கு மேல படத்துக்கே போயிடுச்சு. இது பழைய மெஷின் மாமா. படம் வரையறதுக்குன்னு தனியா கார்டு கெடையாது. கணக்குப் போடுற அதே மூளைதான் படத்தையும் வரையணும். அதான் கணக்கு நொண்டுது."

சாமிதுரை பட்டியலைப் பார்த்தார். எண்கள் ஏறி இறங்கின. படத்தை மூடினால் ஒரு பக்கம் ஏறியது, திறந்தால் அது விழுந்தது. இரண்டு மூன்று தடவை மூடித் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆனது.

"இது வெறும் அலங்காரம். அணைச்சிட்டா சரியாயிடும். ஆனா மாமா, குந்தவைக்கு இது தெரியாம இருக்காதே?" என்றான் சதீஷ்.

புது மெஷின் பேச்சு அதோடு நின்றது. சதீஷுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவன் போன பிறகும் திரையை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் படம் மறுபடியும் வந்து, எப்போதும்போல அழகாகச் சுற்ற ஆரம்பித்தது. இத்தனை மாதமாக அவர் காவல் காத்தது இதைத்தான். அணையவிடாமல் செய்ததும் அவரேதான்.

ஆட்டோ வந்து நின்றது. மகளைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தார். ஈஸ்வரி உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"சதீஷ் வந்துட்டுப் போனான்."

குந்தவை திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "சொல்லிட்டானா?"

"உனக்குத் தெரியுமா?"

"மொதல்லயே தெரியும்பா."

"தெரிஞ்சும் ஏன் பாப்பா விட்ட?" அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உன் உசுரு சம்பந்தப்பட்ட காரியம். அதுல நான் கண்டதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ பேசாம இருந்திருக்க!"

"நீங்க அது முன்னால உக்காரும்போது மட்டுந்தான்பா உங்க மூஞ்சி பழைய மாதிரி இருந்துச்சு. அத எப்புடி அணைக்கச் சொல்றீங்க?"

சாமிதுரை சுற்றிக்கொண்டிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுவும் நம்ம ஒரு மெஷின் வேகமா ஓடினா மருந்து வந்துருமா? லட்சக்கணக்குல ஓடுதுப்பா."

"அப்ப வரவே வராதா?"

"வரும். என்னைக்காவது கட்டாயம் வரும்." மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். "எனக்கு வருமான்னுதான் தெரியல."

இதை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. உள்ளே ஈஸ்வரி குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அணைச்சிடு" என்றார் சாமிதுரை.

நாற்காலியை மேஜை வரைக்கும் தள்ளினார். அவள் கையை எடுத்து மவுஸ்மேல் வைத்தார். அம்புக்குறியைத் தட்டுத்தடுமாறிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் அழுத்த விரல் இறங்கவில்லை. முயன்று பார்த்தாள். நெற்றியில் வேர்த்தது. அவர் தன் விரலை அவள் விரல்மேல் வைத்து அழுத்தினார்.

அதற்குப் பிறகு திரை கறுப்பாகவே இருந்தது. கணக்குத் துண்டுகள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. ஒரு துண்டுகூடத் தவறவில்லை என்று குந்தவை அவ்வப்போது சொல்வாள். சாமிதுரை தலையாட்டுவார். முன்னால் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. வயலிலிருந்து வந்ததும் பழக்கதோஷத்தில் நாற்காலிவரை போவார். பெட்டியின் மேல் கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாசலுக்குத் திரும்பிவிடுவார்.

ஐப்பசியில் குந்தவைக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. அந்த மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. அவள் ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னாள். அந்தப் புரதத்துக்கான கணக்கு முடிந்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் நன்றி. விடைகளை ஆராய்ந்து பார்க்கச் சில வருடங்கள் பிடிக்கும்.

"சில வருசமா?" என்றார்.

"ஆமாப்பா."

"அதுவரைக்கும் மெஷினு?"

"சும்மாதான். வேற ஒரு நோய்க்கு இருக்கு… சின்னப் புள்ளைங்களுக்கு வர்றது. சேரட்டுமா?"

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. யார் பெற்ற பிள்ளைக்காக என் வீட்டில் ஓட வேண்டும் என்று ஒரு கோபம் வந்தது. யார் யார் வீட்டிலோ என் பிள்ளைக்காக ஓடியதே என்றும் பட்டது. எதுவும் அவருக்கு ஆறுதலாக இல்லை.

திரும்பி வந்து, "சேரு" என்றார்.

இந்தத் தடவை மவுஸை அவரே பிடித்தார். அவள் சொல்லச் சொல்ல, எங்கே நகர்த்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் செய்தார். குழறிய சில வார்த்தைகளை இரண்டு தடவை சொல்லவைத்தார். முடிந்ததும் பெட்டி மறுபடியும் இரைய ஆரம்பித்தது.

"என்னங்க, பாப்பாவக் கூட்டிக்கிட்டு வாங்க, சாப்பிடட்டும்" என்றாள் ஈஸ்வரி.

சாமிதுரை குனிந்து மகளின் முழங்காலடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார். கனம் இருக்கும் என்று நினைத்து மூச்சைப் பிடித்தவருக்கு அது தேவைப்படவில்லை. போன மாதத்தைவிட லேசாக இருந்தாள். அதை அவர் ஈஸ்வரியிடம் சொல்லவில்லை.