துணியில் ஒரு வட்டம்

பத்து மணிக்கு வருகிறேன் என்ற முதலாளி எட்டே முக்காலுக்கே வந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போடக்கூட அவகாசம் தராமல் ரிங்குக்கு எதிரே உட்கார்ந்து, "ரெண்டு பேரையும் ஏத்துங்க, பாத்துடலாம்" என்றார். குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்துவது அவர் தொழில். இந்தப் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒருவனை மட்டும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுக்கப் போகிறார். எடுக்கப்பட்டவன் விமானம் ஏறுவான். மற்றவன் பழையபடி ஊர் ஊராகப் போய்ச் சின்ன மேடைகளில் குத்து வாங்கிக்கொண்டிருப்பான்.

உள்ளறையில் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளவுஸ் மாட்டுவதற்கு முன்னால் வீரர்களுக்குக் கைக்கட்டுப் போடுவது அவள் வேலை. பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டவள். அங்கே உடைந்த பிறகு கட்டினேன், இங்கே உடைவதற்கு முன்னால் கட்டுகிறேன், சம்பளம்தான் அங்கே சரியாக வந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கூடத்தில் பயிற்சி தரும் மாஸ்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். ஆனால் கூடப்பிறந்த தம்பி ஒருவன்தான். முதலாளி பார்க்க வந்த இருவரில் அவனும் ஒருவன்.

மற்றவன் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி போல நீளமாய், சதைப்பிடிப்பே இல்லாமல் இருந்ததால் யாரோ வைத்த பேர் நிலைத்துவிட்டது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். தம்பி கழிப்பறைக்கு இரண்டாவது தடவை போயிருந்ததால் ஒட்டடைதான் முதலில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினான். எப்போதும் தம்பிக்குத்தான் முதலில் கட்டுவாள். வரிசை மாறியதை அவள் மனசில் வாங்கவில்லை. காது இரண்டும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"குட்டையா இருக்கானே, அவன் ஏழு சண்டையில ஆறு பேரைப் படுக்க வச்சிருக்கான் சார்" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "நெட்டையன் எட்டுலயும் ஜெயிச்சிருக்கான். ஒருத்தனும் விழல. ஆனா அவனை யாராலயும் அடிக்க முடியாது. விலாவுக்குக் குத்து வந்தா முழங்கையை எறக்கிடுவான். குத்துனவன்தான் கையை உதறிக்கிட்டு நிப்பான்."

"முழங்கையப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றார் முதலாளி. "சரி, எவன் கை அஞ்சு வருஷம் ஓடும்? எனக்கு அதான் வேணும்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் தம்பியின் வலது கை நடுவிரல் முட்டியில் விரலை வைத்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. விரிசல். "மாஸ்டர்கிட்ட சொல்லாதக்கா, ஆறிடும்" என்றான். அவளும் சொல்லவில்லை. முட்டிக்கு மேலே வைக்கிற மடித்த துணியில், அந்த ஒரு எலும்பு மட்டும் அடி வாங்காதபடி கத்தரியால் ஒரு வட்டம் வெட்டி எடுத்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தாள். அறுபது நாளாகக் காதும் காதும் வைத்தாற்போல் நடந்துவந்த காரியம் அது.

"அக்கா," என்றான் ஒட்டடை. "எனக்கெதுக்கு ஓட்டை?"

குனிந்து பார்த்தாள். அவனுடைய நீண்ட கையின் மேல், நடுமுட்டிக்கு நேராக வட்டம் வெட்டிய துணி அழகாக உட்கார்ந்திருந்தது. கத்தரியை எடுத்ததும் அவளுக்குத் தெரியாது, வெட்டியதும் தெரியாது.

"பழக்கத்துல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாருக்குக் கட்டிய பழக்கம் என்று அவன் கேட்கவில்லை. கதவைப் பார்த்தான். பிறகு அந்த வட்டத்தைப் பார்த்தான். அவள் துணியை உருவப் போனபோது கையை இழுத்துக்கொண்டு, "இருக்கட்டும். நேரமாவுது, கட்டுங்க" என்றான்.

தம்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அவனுக்கும் வட்டம் வெட்டிய துணியை வைத்துக் கட்டும்போது அவள் விரல்கள் டேப்பை இரண்டு தடவை கோணலாக ஒட்டின. "வலது கையை விலாவுக்கு விடாதடா" என்றாள் தணிந்த குரலில்.

"அவன் ஒசரத்துக்கு வேற எங்க விடறதாம்? ஸ்டூல் போட்டு மூஞ்சியில குத்தவா?" என்று சிரித்தான் தம்பி. ஒட்டடைக்குத் தெரிந்துவிட்டதைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் குத்தவே பயப்படுவான், பயந்தால் இன்றோடு முடிந்தது. சொல்லவில்லை.

நாலு ரவுண்டு. அவளால் உட்கார முடியவில்லை. தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நடந்தாள், முடிந்துபோன டேப் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். முதல் ரவுண்டு பாதியில் தம்பியின் வலது கை ஒட்டடையின் விலாவை நோக்கிப் போனது. கண்ணை மூடிக்கொண்டாள். எலும்பில் எலும்பு படுகிற சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது வரவில்லை. சதையில் விழுந்த தொப்பென்ற சத்தம்தான் வந்தது. கண்ணைத் திறந்தால், ஒட்டடையின் முழங்கை மேலேயே இருந்தது.

தாமதமாகிவிட்டது போல என்று நினைத்தாள். இரண்டாவது குத்துக்கும் முழங்கை இறங்கவில்லை. மூன்றாவதுக்கும் இல்லை. இரண்டாம் ரவுண்டு முடிவதற்குள் அவன் இடது விலா அடுப்பில் காட்டியது போலச் சிவந்துவிட்டது. அவன் கண் மட்டும் ஒவ்வொரு குத்தையும் அது புறப்படும்போதே பார்த்துவிட்டது என்பதை அவள் பார்த்தாள். தெரிந்துதான் வாங்குகிறான். அவளுக்குக் கோபமாக வந்தது. யார் இவனைக் கேட்டார்கள்? மூன்றாம் ரவுண்டில் அவன் ஒரு முழங்காலை ஊன்றி மூச்சுக்குத் தவித்து எழுந்தபோது, "எறக்குடா, முழங்கையை எறக்கித் தொலைடா" என்று தன் வாய் முணுமுணுப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். எதிரே குத்திக்கொண்டிருந்தது அவள் தம்பி.

"விலாவைத் தொறந்து போட்டுட்டு நிக்கறானே உங்க நெட்டையன்" என்றார் முதலாளி. "இவனையா யாராலயும் அடிக்க முடியாதுன்னீங்க?"

"இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு சார்" என்று மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

கடைசி மணி அடித்ததும் இருவரும் உள்ளறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிளவுஸைக் கழற்றிய தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் காதருகே குனிந்து, "அவன் முழங்கை இன்னைக்கு வரவே இல்லக்கா. பயந்துக்கிட்டே குத்துனேன், ஒண்ணும் ஆகல. என்னக்கா ஆச்சு அவனுக்கு?" என்றான். அவள் கத்தரியை எடுத்தாள்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். பின்னால் மாஸ்டர். "கைக்கட்டுப் போடறது நீங்கதானாமே. குட்டையன் உங்க தம்பியாம். அதுனால என்ன, கையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்? சொல்லுங்க, அவன் கை அஞ்சு வருஷம் தாங்குமா?"

ஒட்டடை தன் கையை நீட்டினான். கட்டை வெட்டிப் பிரித்தாள். வட்டம் வெட்டிய துணி வியர்வையில் நனைந்து தரையில் விழுந்தது.

"இது என்ன ஓட்டை?" என்று முதலாளி கேட்டார்.

ஒட்டடை சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டையை எடுத்தான். இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. பாதி வரை தூக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினான். தம்பி தரையில் கிடந்த துணியைப் பார்த்தான். ஒட்டடையின் விரல் முட்டிகளைப் பார்த்தான், ஒன்றுகூட வீங்கவில்லை. பிறகு அந்தச் சிவந்த விலாவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. கட்டுப் பிரிக்காத வலது கை மெதுவாகத் துண்டுக்கு அடியில் போனது.

"இன்னொரு கட்டையும் பிரிச்சிடறேன் சார்" என்றாள் அக்கா. "நீங்களே பாருங்க."

ஒரு கையில் கத்தரியைத் திறந்து பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை விரித்துத் தம்பியின் முன்னால் நீட்டினாள். துண்டு அசையவில்லை. அவள் கையை மடக்காமல் காத்திருந்தாள்.