மூன்றாவது கவுண்டர்

1

இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. விமான நிலையத்தில், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கும் வரிசையில் நின்றபோது தானாக வந்து மாட்டியது. எனக்கு முன்னால் ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய சித்தி. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிறாளாம். பாஸ்போர்ட்டில் வயது இருபத்திரண்டு.

முதல் தொடக்கம்: ‘இருள் கவிந்த வானத்தின் கீழே ஒரு பிஞ்சு மலர் கசங்கக் காத்தி—’

வேண்டாம். அப்போது காலை பதினொரு மணி, நல்ல வெயில்.

2

பெண்களைக் கடத்தி விற்கும் கதைக்கு வில்லன் அவசியம். கன்னத்தில் தழும்போடு ஒருவனைத் தயாராக வைத்திருந்தேன். ஆள் வரவே இல்லை. சித்திதான் இருந்தாள், பெண்ணின் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

3

மூன்றாவது கவுண்டரில் இருந்த பெண் அதிகாரிக்கு ஜலதோஷம். (கதாநாயகிக்கு மூக்கு ஒழுகலாமா? இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி சேர்த்தேன்.)

“பிறந்த தேதி?”

பெண் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். தேதி, முகவரி, முதலாளி பெயர், எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உன்கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் இப்ப என்ன பண்றாங்க?”

“பரீட்சைக்குப் படிக்கிறாங்க மேடம். பத்தாவது.”

சித்தி சொல்லிக்கொடுக்காமல் விட்ட ஒரே கேள்வி.*

“தூக்கக் கலக்கம் மேடம், உளர்றா,” என்று சித்தி சிரித்தாள். பெண் சிரிக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சித்தியின் முகத்தையே பார்த்தாள்.

* முந்தைய வரைவில் இந்தக் கேள்வியை நான் கேட்டதாக எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்ததால் அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

4

கைவசம் இரண்டு முடிவுகள்.

அ) போலீஸ் பாய்ந்து வருகிறது. சித்தி கைது. பெண் கண்ணீரோடு என் கையைப் பற்றி— (என் கையை எதற்கு? நான் என்ன கிழித்தேன்?)

ஆ) அவள் விமானம் ஏறிவிடுகிறாள். நான் உருக்கமாக நாலு பக்கம் எழுதிப் பரிசு வாங்குகிறேன்.

நடந்தது வேறு. மேலதிகாரி வந்தார். “வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. காகிதம் சரியா இருந்தா குத்தி அனுப்புங்க.”

“இது சின்னப் பொண்ணு சார். போலீஸைக் கூப்பிட்டிருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க.”

“அதுக்குள்ள இவங்க எல்லாம் கத்துவாங்களே. கத்தினா இந்தப் பொண்ணை அனுப்பிடுங்க.”

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். “பத்து நிமிஷம் யாரையும் பார்க்க மாட்டேன். யாருக்காவது அவசரமா?”

அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து நின்றவன் நான். என் பதிலை எழுதப்போவதில்லை. ஆறு வரைவிலும் பொய்தான் எழுதினேன். நான் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் வந்து நில்லுங்கள். உங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு கொடுத்துவிட்டார்கள். அதிகாரி கேட்டது காதில் விழுந்ததுதானே?