பிப்ரவரிக்குச் சொல்லியாச்சா?

“நாம செஞ்ச தப்ப அந்தப் பன்னெண்டு பேருகிட்டயும் நாமளே நேர்ல போய்ச் சொல்லணும், சார். இன்னைக்கே கெளம்பணும்.”

இதை மட்டும் கூட்டத்தில் கேட்டுவிடாதே என்று பிரீத்திகா அக்கா மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். காபி வரும்வரை வாயைத் திறக்காதே, வந்தால் குடி, அவ்வளவுதான் உன் வேலை என்றார். காபி வருவதற்குள் கேட்டுவிட்டேன்.

எங்கள் அபயக்கரம் மகளிர் மையத்தின் புரவலர் காசிராஜன் என்னைப் பார்க்கவில்லை. அவர் பட்டாசு முதலாளி; மாதச் சம்பளக்காரர்களை நேராகப் பார்க்கும் பழக்கம் கிடையாது. மையத்தின் செயலாளரும் தன் மருமகளுமான பிரீத்திகா அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கணவர் ஸ்ரீராம்குமாரைப் பார்த்தார். ஸ்ரீராம்குமார் செல்போனைப் பார்த்தார். ஆலோசகர் சீனிவாசகம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காபி வருகிற வாசலைப் பார்த்தார்.

“ஏம்மா அய்யம்மா, நீ மொதல்ல ஒக்காரு. நின்னுக்கிட்டுக் கேட்டா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு” என்றார் காசிராஜன்.

“சேர் நாலுதான் கெடக்கு, சார்.”

நடந்தது இதுதான். அடிபட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிவருகிற பெண்களுக்கு எங்கள் மையம் வேறு ஊரில் இடம் பார்த்து, வேலை வாங்கிக் கொடுக்கும். எங்கே வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லாது. மையத்தின் வேலையே அந்தச் சொல்லாமலிருப்பதுதான். இந்த 2008ஆம் வருடத்துக்குக் காசிராஜன் தன் கம்பெனி பெயரில் மாதக் காலண்டர் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார். மேலே மகாலட்சுமி, ஓரத்தில் அவர், நடுவில் தேதி, கீழே மாதத்துக்கு ஒரு ‘மறுவாழ்வு பெற்ற மங்கை’.

பெயரையும் ஊரையும் மாற்றி எழுதிய கதைகள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருந்தன. நிஜப் பெயரும் நிஜ ஊரும் இன்னொரு ஃபைலில். எதைப் பிரித்துக் கொடுப்பது என்று அலுத்துப்போன ஸ்ரீராம்குமார், இருந்த அத்தனையையும் ஒரே சிடியில் போட்டுச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டார். அச்சகத்தில் டிசைன் செய்தவருக்குக் காலியிடம் பிடிக்காது. எந்த ஃபைலில் எழுத்து அதிகமோ அதை எடுத்து நிரப்பிவிட்டார்.

பிப்ரவரித் தாளில் இப்படி இருந்தது: ‘செல்வலட்சுமி, க/பெ. பாண்டிராஜ், காரியாபட்டி. கணவரின் கொடுமையிலிருந்து மீட்கப்பட்டு, தற்போது அச்சங்குளத்தில் மகளுடன் பாதுகாப்பாக வாழ்ந்துவருகிறார்.’

படத்தில் அவள் முகத்தை மட்டும் கட்டம் கட்டமாகக் கலைத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி மறைத்திருந்தார்கள். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது.

புரூஃப் பார்க்காமலா அடித்தார்கள் என்று கேட்பீர்கள். மூன்று தடவை பார்த்தார்கள். காலண்டர் புரூஃப் பார்ப்பது எங்கள் பக்கம் ஒரு சடங்கு. முதலாளி நல்ல நேரத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, தாளின் மூலையில் மஞ்சள் தடவி, ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடும். முதல் தடவை மகாலட்சுமியின் சேலை வெளிறிப்போயிருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை காசிராஜனின் முகம் கறுத்திருந்தது. மூன்றாம் தடவை கம்பெனியின் போன் நம்பரை ஸ்ரீராம்குமார் உரக்க வாசித்தார், அக்கா சரிபார்த்தார், சீனிவாசகம் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். கீழே இருந்த நாலு வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. அது பெண்களைப் பற்றியது, வாசிக்காமலே பாராட்டிவிடலாம்.

வாசித்தது விருதுநகர். சலூனில் முறை வருவதற்குக் காத்திருக்கிற ஆளுக்குச் சுவரில் இருப்பதை வாசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

ஜனவரித் தாளில் இருந்தவர் சோலையம்மாள். கந்தக வாடை போகாத கையோடு எங்களிடம் வந்து, இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி விற்கிறவர். பொங்கல் கழிந்து ஒரு நாள் காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார்.

“ஏத்தா, நான் ஜனவரியாம்ல. ‘ஏ ஜனவரி, ரெண்டு இட்லி வையி’ங்கான் ஒருத்தன். ‘ஜனவரிக்கு எத்தன புருசன்?’ங்கான் இன்னொருத்தன். வீட்டுக்காரம்மா மாசக் கடைசியில காலி பண்ணுன்னுட்டா.” காலண்டரை மேஜையில் விரித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரோ காட்டியிருந்தார்கள், அங்கே விரலை வைத்தார். பிறகு தாளைத் தூக்கி அடுத்த படத்தைப் பார்த்தார்.

“இந்தப் புள்ளைக்குச் சொல்லியாச்சா?”

அன்றிலிருந்து நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொறு, கூட்டம் போட்டு முடிவெடுப்போம் என்றார் அக்கா. கூட்டத்துக்கு நல்ல நாள் பார்த்து வருவதற்குள் ஜனவரி முப்பது ஆகிவிட்டது. நாளை மறுநாள் ஜில்லா முழுக்க ஜனவரித் தாளைத் திருப்பிவிடுவார்கள். செல்வலட்சுமியிடம் செல்போன் இல்லை. வேலை பார்க்கிற கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னால் அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

“காரியாபட்டிக்கு எத்தன காலண்டர் போச்சு, அண்ணே?” என்று ஸ்ரீராம்குமாரைக் கேட்டேன்.

“ரெண்டு கட்டு. சலூன், பரோட்டாக் கடை, ஒயின்ஷாப் பாரு, ஒண்ணு விடல” என்றார். சொல்லும்போது லேசாகப் பெருமை வந்துவிட்டது. பழக்கதோஷம்.

“அந்தப் பார்லதான் பாண்டிராஜ் குடியிருக்கான். போன வருசம் இதே வாசல்ல வந்து, எங்கன ஒளிச்சு வச்சாலும் தேடிப் பிடிச்சு அறுப்பேன்னு கத்திட்டுப் போனான். இனிமே அவன் தேட வேண்டாம்.”

“அபசகுனமாப் பேசாதம்மா” என்றார் சீனிவாசகம்.

காபி வந்தது. வந்ததும் கூட்டத்துக்கு உயிர் வந்தது.

முதல் யோசனை ஸ்ரீராம்குமாருடையது. பெயர் இருக்கிற இடத்தில் தங்கக் கலரில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது. மாதிரியே அடித்துக் கொண்டுவந்திருந்தார். ஸ்டிக்கரில், ‘இதன் கீழுள்ள விவரம் ரகசியமானது’ என்று வளைவான எழுத்தில் இருந்தது. பிப்ரவரித் தாளில் ஒன்றை ஒட்டி நடுவில் வைத்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். காசிராஜன் மட்டும், தங்கக் கலருக்கு ஒரு சிவப்புக் கரை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே சீனிவாசகத்தின் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கியிருந்தது. பாதி உரித்துவிட்டார். எல்லோரும் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் விரலை எடுத்தார்.

“இல்ல, எம்புட்டு ஒட்டுதுன்னு பாத்தேன்.”

“உள்ள என்ன இருக்குன்னு ஒங்களுக்கு ஏற்கனவே தெரியும், சார். தெரிஞ்ச நீங்களே சொரண்டுறீக” என்றேன்.

இரண்டாவது யோசனை அக்காவுடையது. கடைக்காரர்களிடம் சொல்லி ஜனவரித் தாளைத் திருப்பாமல் வைத்திருக்கச் சொல்லலாம்.

“எத்தன மாசத்துக்கு, அக்கா?”

“ஒரேயடியா எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்காத.”

காசிராஜன் யோசித்துப் பார்த்து, தமிழ்க் கணக்குக்குத் தை மாதம் பிப்ரவரி பன்னிரண்டு வரைக்கும் இருக்கிறது, அதுவரை திருப்ப அவசரமில்லைதானே என்றார். சீனிவாசகம் அது மிக நுட்பமான கருத்து என்றார். ஒரு நிமிடம் எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. பாண்டிராஜும் தமிழ்க் கணக்குப்படிதான் வெட்டுவான் என்று நினைத்துவிட்டார்கள் போல.

“ஒண்ணு சொல்றேன் மாமா,” என்றார் அக்கா, “இப்போதைக்கு வெளிய வந்தது ஜனவரி மட்டும்தான். மத்த பதினோரு பேரும் இன்னும் சேஃபாத்தான் இருக்காங்க.”

“தாளைத் தூக்கிப் பாக்க முடியாதா, அக்கா?”

“எல்லாரும் ஒன்னைய மாதிரி இருக்க மாட்டாங்க.”

மூன்றாவது யோசனை சீனிவாசகத்துடையது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். தவறு செய்தால் வருத்தம் தெரிவிப்பதுதான் பண்பு என்றார். எனக்கே ஒரு நொடி மனசு இளகியது. பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். ‘வருந்துகிறோம்’ என்று பெரிய போஸ்டர். நாலு கலர். எங்கள் காலண்டரில் தவறுதலாக வெளியாகிவிட்ட கீழ்க்கண்ட சகோதரிகளின் விவரங்களைப் பொதுமக்கள் தயவுசெய்து மறந்துவிட வேண்டும். கீழே பன்னிரண்டு பெயர்கள், அகர வரிசையில்.

“ஒரு பேரு விட்டுப்போகக் கூடாதுன்னு ரெண்டு தடவ சரிபாத்துட்டேன்” என்றார்.

சிரித்துவிட்டேன். தப்புதான். ஆனால் அழுதிருந்தால் டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள்.

காசிராஜன் டம்ளரை வைத்தார். “ஏம்மா, ஒனக்கு இது வெளையாட்டா இருக்கா? மார்ச் எட்டுல மகளிர் தினம். மதுரையில இருந்து ஆளுக வாராக. ‘பெண்மைக் காவலர்’னு எனக்கு ஒரு பட்டம் குடுக்காக. நானா கேட்டேன்? அவுகளாக் குடுக்காக. இந்த நேரம் நீ போய் ஒவ்வொருத்தியாப் பாத்து, ஒம்பேரு வெளிய போயிருச்சு, ஒம்பேரு வெளிய போயிருச்சுன்னு ஒப்பாரி வச்சா, ஒருத்தி போலீசுக்குப் போவா, ஒருத்தி பேப்பருக்குப் போவா. நல்லா இருக்கிறவுகளை நாமளே போய்ப் பயமுறுத்தணுமா?”

“அவுக நல்லா இல்ல, சார். அவுகளுக்குத் தெரியல. அம்புட்டுதான்.”

“கம்ப்யூட்டருக்குத்தான் இப்ப பாஸ்வேர்டு போட்டாச்சே” என்றார் ஸ்ரீராம்குமார், எல்லாம் சரியாகிவிட்ட குரலில்.

போட்டிருந்தார். கம்பெனி போன் நம்பர். மறந்துபோகாமலிருக்கக் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே அதே காலண்டரை மாட்டியிருந்தார்.

அக்கா தீர்மான நோட்டை விரித்தார். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்: காலண்டர் அச்சுப்பிழை குறித்து ஆராயப்பட்டது, யாருக்கும் எவ்விதப் பாதிப்பும் இல்லை என்று களப்பணியாளர் நேரில் விசாரித்து அறிந்து தெரிவித்தார், ஸ்டிக்கர் ஒட்டுவதென முடிவாயிற்று. களப்பணியாளர் நான்தான். நால்வரும் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்கள். காசிராஜன் தன் பேனாவையே கொடுத்தார்.

“போடும்மா. பி.ஏ. படிச்ச புள்ள.”

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் கம்பெனி வேனில் ஏறாமல் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போன முதல் ஆளும் நான். இரண்டையும் காசிராஜன் மேடையில் சொல்லியிருக்கிறார், தான் செய்த தர்மம் மாதிரி. பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தேன்.

“நான் யாரையும் நேர்ல விசாரிக்கல, சார். போய் விசாரிக்கணும்னுதான் கேக்கேன்.”

“சீனிச்சாமி மகதான நீ?” என்றார். அப்போதுதான் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். “ஒங்கப்பன் நம்ம யூனிட்லதான இருக்கான்?”

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன்.

“ஆமா, சார். நேத்தே அவருகிட்டச் சொல்லிட்டேன். கையி ரெண்டும் நல்லாத்தான இருக்கு, சிவகாசியில கம்பெனி ஒண்ணுதானா இருக்குன்னு கேட்டாரு.”

“அய்யம்மா!” என்றார் அக்கா.

“மதுரையில ஒரு விடுதி வார்டன்கிட்ட காலையில போன் பூத்துல இருந்து பேசிட்டேங்க்கா. செல்வலட்சுமிக்கும் மகளுக்கும் எடம் இருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுனதும் பைக்குள்ளதான் இருக்கு. அதுல அவ எடத்த எழுதல. பாண்டிராஜ் எடத்த எழுதியிருக்கேன்.”

“எல்லாத்தையும் செஞ்சு வச்சுட்டுப் பெறகு எதுக்கு இங்கன வந்து கேட்ட?” என்று ஸ்ரீராம்குமார் கேட்டார். அன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது.

“உங்க வாயால ஒருதடவ சரின்னு வருதான்னு பாக்கத்தான்.”

“வெளிய போனா மறுபடி உள்ள வர முடியாது, தெரிஞ்சுக்கோ” என்றார் காசிராஜன்.

“சரி, சார். பிப்ரவரியில ஆரம்பிக்கேன். மத்தவுகளுக்கு மாச வரிசையெல்லாம் பாக்க மாட்டேன், எது பக்கத்து ஊரோ அங்கன போவேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. என் காபி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். பின்னால் சீனிவாசகம் தணிந்த குரலில், போஸ்டரில் பதிமூன்றாவதாக இந்தப் பிள்ளையின் விலகலையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டது காதில் விழுந்தது.

கேட்டுக்கு வெளியே சோலையம்மாள் இட்லிப் பாத்திரத்தைத் துணியால் கட்டிக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார்.

“என்ன சொன்னாக?”

“காபி குடிக்கச் சொன்னாக.”

“குடிச்சியா?”

“இல்லக்கா.”

“நல்லது. நடையை எட்டிப் போடு, அச்சங்குளத்துக்குப் போற சாத்தூர் வண்டி ஸ்டாண்டுக்குள்ள நொழையுது.”

பாத்திரத்தின் ஒரு காதை அவர் பிடித்தார், இன்னொரு காதை நான் பிடித்துக்கொண்டேன். நடந்தோம்.