கூப்பிடாத சோதனை

கெலாங் பாத்தா கிளினிக்கிலிருந்து அப்பா அனுப்பிய குரல் செய்தியை லோஷினி அலுவலகத்தில் கேட்டாள். "கால் புண்ணுக்கு ஊசி போடப் போறாங்கம்மா. உன் கம்ப்யூட்டர்ல செவப்பு ஒண்ணும் வரலலா. போட்டுட்டு வந்துடறேன்."

அந்தக் கிளினிக்கின் மென்பொருள் அவள் வேலை பார்க்கும் கம்பெனியுடையது. ஒத்துக்கொள்ளாத மருந்தை டாக்டர் எழுதினால் திரை சிவக்க வேண்டும். அப்பாவின் பதிவைத் திறந்தாள். ஒவ்வாமை: பெனிசிலின். இன்று எழுதிய மருந்து: பெனிசிலின். உடனே அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா போனை எடுக்கவில்லை. கிளினிக் எண் பிஸி. மறுபடியும் பிஸி. போன் தானே திரும்பத் திரும்பக் கூப்பிடும்படி வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இந்தப் பாழாய்ப்போன சோதனை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நிரலைத் தோண்டினாள்.

சோதிக்கும் ஃபங்ஷனுக்கு மூன்று விவரங்கள் போகவேண்டும்: ஐசி எனும் அடையாள அட்டையின் எண், மருந்து, குடும்பப் பெயர். தலைப்பிலேயே 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு சொல். அது இருந்தால், மூன்றில் ஒன்று 'நல்', அதாவது வெறுமையாக இருந்தாலும், டேட்டாபேஸ் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடவே கூப்பிடாது. கமுக்கமாக இன்னொரு வெறுமையைப் பதிலாகத் தரும். திரையோ 'ஆம்' என்று வந்தால்தான் சிவக்கும்.

சீனர் பெயரில் முதல் சொல்லையும், மலாய்க்காரர் பெயரில் மகன் என்று பொருள்படும் 'பின்' என்ற சொல்லுக்கு அடுத்ததையும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதே பொருளில் 'ஏ/எல்' போட்டு அப்பா பெயரைச் சேர்க்கும் நம் ஆட்களை யாருமே நினைக்கவில்லை. மூர்த்தி ஏ/எல் ஐயாசாமி. குடும்பப் பெயர்: நல்.

"நல் வந்தா பிரச்சினை இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார் பக்கத்து மேசை தேவானந்தன். அதை எழுதிய புண்ணியவான் அவர்தான்.

"தெரியலன்னு அர்த்தம் அண்ணே! கேக்கவே இல்லன்னு அர்த்தம்!" என்று கத்தினாள். அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது.

லைன் கிடைத்தது. "மிஸ்ஸி, மூர்த்திக்கு ஊசி போடாதீங்க! அவருக்குப் பெனிசிலின் ஆகாது, ஓடுங்க!"

நர்ஸ் ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. லோஷினி செத்துப் பிழைத்தாள்.

"நிறுத்தியாச்சு," என்றாள் நர்ஸ் மூச்சிரைக்க. போன் அப்பா கைக்குப் போனது.

"ஏம்ப்பா, ஆகாதுன்னு நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றாள் அவள்.

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா. செவப்பு வரலயே, எம்மவ செஞ்சதாச்சேன்னு கைய நீட்டிட்டேன்."